திரை அணைந்த பின் வரும் அரை மணி நேரம்

மாலை நேர வெளிநோயாளர் பிரிவு முடியும் வேளை. இரண்டேகால் வயதுச் சிறுவன் ஒருவனை இடுப்பில் சுமந்தபடி அவனுடைய தாய் உள்ளே வந்தார். உடன் அவருடைய மாமியாரும் வந்திருந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை, சளி இல்லை, எடையும் வயதுக்கேற்றபடியே இருந்தது. “ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் தூங்க மாட்டேங்கிறான் டாக்டர். போனை வாங்கினா ஒரே அழுகை. அழுது அழுது வாந்தியே எடுத்துடுறான். தூங்குறதுக்கு ஏதாவது சிரப் எழுதிக் கொடுங்க” என்றார் தாய். அவர் முடிப்பதற்குள், “எல்லாம் இவ பழக்கிவிட்டதுதான் டாக்டர்” என்றார் மாமியார். தாய் தலைகுனிந்தார். குழந்தையோ எங்கள் மேசைமேல் இருந்த கைப்பேசியை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே இதைக் கூறுகிறோம். ஆயினும் இதை வாசிக்கும் பெற்றோர் பலர், இது தங்கள் வீட்டுக் கதையென்றே எண்ணக்கூடும். குழந்தைகள் நலப் பிரிவில் வாரந்தோறும் இந்தக் காட்சியை நாங்கள் காண்கிறோம். பல ஆண்டுகளாக இதற்கு நாங்கள் அளித்துவந்த விடை மிகச் சுருக்கமானது: மருந்துச் சீட்டின் அடியில் ‘கைப்பேசி தவிர்க்கவும்’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரி போதாது என்பதே இந்தக் கட்டுரையில் நாங்கள் முன்வைக்கும் கருத்து. கைப்பேசியை நிறுத்தச் சொல்வது எளிது. அது கையைவிட்டுப் போன பின் வரும் அரை மணி நேரத்தைக் குழந்தை எதைக்கொண்டு கடக்கும் என்பதை நாங்கள் சொல்லாமல் விட்டுவிட்டோம். அந்த வெற்றிடத்தில்தான் இரவுதோறும் அழுகையும் சண்டையும் நிகழ்கின்றன.

முதலில் குழந்தைக்கு எவ்வளவு உறக்கம் தேவை என்பதைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேர உறக்கம் வேண்டும். மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். மேற்சொன்ன சிறுவன் நள்ளிரவில் உறங்கிக் காலை ஏழு மணிக்கு எழுப்பப்படுகிறான். தாய் வேலைக்குச் செல்லுமுன் அவனைக் காப்பகத்தில் விட வேண்டும். பகலில் இரண்டு மணி நேரம் தூங்குகிறான். மொத்தம் ஒன்பது மணி நேரம். நாள்தோறும் குறைந்தது இரண்டு மணி நேர உறக்கத்தை அவன் இழக்கிறான். போதிய உறக்கமில்லாத பெரியவர் சோர்ந்து போவார். இந்த வயதுக் குழந்தையோ பெரும்பாலும் சோர்வைக் காட்டுவதில்லை. முன்னிலும் அதிகமாக ஓடும், எறியும், கடிக்கும், சிறு மறுப்புக்கும் தரையில் விழுந்து புரளும். “இவ்வளவு துள்ளுகிறானே, இவனுக்குத் தூக்கம் வரவில்லை போலும்” என்று நாமும் ஏமாந்துவிடுகிறோம். உண்மையில் தூக்கம் வந்து, அதன் வேளை கடந்துபோன குழந்தையின் நிலை அது.

திரை இந்த உறக்கத்தை எவ்வாறு தள்ளிப்போடுகிறது? மூன்று வழிகளில் என்று கூறலாம்.

முதலாவது, ஒளி. இருள் சூழ்ந்ததும் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி மெலட்டோனின் என்னும் இயக்குநீரைச் சுரக்கத் தொடங்கும். ‘இரவு வந்துவிட்டது’ என்று உடலுக்கு அறிவிப்பது அதுவே. கண்ணில் படும் ஒளி, குறிப்பாக நீல அலைவரிசை ஒளி, அந்தச் சுரப்பைக் குறைக்கிறது. குழந்தைகளின் கண்மணி விரிந்தது, விழிவில்லை தெளிவானது, ஆகவே அவர்களுடைய விழித்திரைக்குள் கூடுதல் ஒளி புகுகிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயது வரையான பத்துக் குழந்தைகளைப் படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரம் வலுவான ஒளிமேசையில் விளையாடவிட்டு அளந்தனர். மெலட்டோனின் அளவு ஏறத்தாழ 88 விழுக்காடு குறைந்தது. ஒளியை அணைத்து ஐம்பது நிமிடங்கள் சென்ற பின்னும் பெரும்பாலான குழந்தைகளிடம் அது பழைய நிலைக்கு மீளவில்லை. நேர்மையாக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது பத்தே குழந்தைகளைக் கொண்ட சிறிய ஆய்வு. அங்கே பயன்படுத்தப்பட்டது கைப்பேசியைவிடப் பன்மடங்கு வலிய ஒளி. ஆகையால் அந்த எண்ணை அப்படியே கைப்பேசிக்குப் பொருத்திப் பெற்றோரை அச்சுறுத்துவது முறையாகாது. இந்த வயதினரின் உடற்கடிகாரம் மாலை ஒளிக்கு எவ்வளவு எளிதில் அசைந்துகொடுக்கிறது என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்வோம். கூடத்தில் எரியும் வெண்ணிறக் குழல்விளக்குக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

இரண்டாவது, காட்சியின் வேகம். குழந்தைகளுக்கென வரும் காணொளிகள் பலவற்றில் சில விநாடிகளுக்கு ஒருமுறை காட்சி மாறுகிறது, நிறம் மாறுகிறது, இசை ஏறுகிறது. ஒன்று முடியுமுன் அடுத்தது தானாகவே தொடங்கிவிடுகிறது. இந்த வேகத்தில் விழித்திருந்த மூளை, திரை அணைந்த மறுநிமிடமே அடங்கிவிடாது. வேகமாகச் சுழலும் மின்விசிறியும் சுவிட்சை அணைத்த பின் சில சுற்றுகள் சுற்றித்தானே நிற்கிறது.

மூன்றாவது, பறிபோகும் நேரம். ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டிய உறக்கம் பத்துக்கும், பிறகு பதினொன்றுக்கும் நகர்கிறது. மற்ற இரண்டையும் மறுப்பவர்கூட இதை மறுக்க இயலாது.

“போன் பார்த்துக்கொண்டேதானே என் குழந்தை தூங்குகிறது? அதை எடுத்துவிட்டால் தூக்கமே வராதே” என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். உறக்கம் ஒரே நீட்டாக அமைவதன்று. இரவில் பலமுறை மேலெழுந்து மீண்டும் ஆழ்வது. ஒவ்வொரு முறையும் குழந்தை சில கணங்கள் விழிப்பது இயல்பு. எந்தச் சூழலில் உறங்கத் தொடங்கியதோ அதே சூழலை அப்போது அது தேடும். தட்டிக்கொடுத்த கையோடு உறங்கிய குழந்தை கையைத் தேடும். கைப்பேசியோடு உறங்கிய குழந்தை இரவு இரண்டு மணிக்குக் கைப்பேசியைத் தேடி அழும். உறங்க வைப்பதற்கு உதவிய பொருளே நடு இரவில் எழுப்பிவிடும் பொருளாகவும் மாறிவிடுகிறது.

அப்படியானால் திரையே கூடாதா? உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை, இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், அதிலும் குறைந்தால் நன்று என்பது. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகமும் ஏறத்தாழ இதையே கூறுகிறது. தொலைவிலுள்ள உறவினரோடு எப்போதாவது காணொளியில் பேசுவதை மட்டும் விலக்காக ஏற்கிறது. இந்த அறிவுரையை நாங்கள் முழுமனத்தோடு வழிமொழிகிறோம். ஆனால் வேலை முடிந்து இரவு ஏழரைக்கு வீடு திரும்பி, அரிசி களைந்து அடுப்பில் ஏற்றி, காலில் சுற்றும் குழந்தையையும் கவனித்து, மறுநாளுக்கான துணியையும் எடுத்து வைக்க வேண்டிய ஒரு தாயிடம் இந்த எண்களை மட்டும் படித்துக் காட்டிவிட்டு எங்கள் கடமை முடிந்ததென்று கூறிவிட மாட்டோம். அந்த இருபது நிமிடச் சமையலுக்காகக் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்த தாய் குற்றவாளி அல்லர். அந்த நேரத்தில் அவருக்கு உதவ வேறு கை இல்லை, அவ்வளவே. ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்ற இயலாத குடும்பத்தாரிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: திரையைப் படுக்கையிலிருந்து தள்ளி வையுங்கள். உறங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை மட்டும் முதலில் மீட்டெடுங்கள். மற்றவற்றைப் பிறகு பார்ப்போம்.

இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்ற ஐயம் எழலாம். பிரிட்டனில் 16 முதல் 30 மாத வயதுக் குழந்தைகளைக் கொண்ட 105 குடும்பங்களிடம் ஏழு வார காலம் இதைச் செய்து பார்த்தார்கள். முடிவுகள் 2024ஆம் ஆண்டில் வெளியாயின. பெரும்பாலான குடும்பங்களால் படுக்கைக்கு முந்தைய மணி நேரத்தில் திரையைத் தவிர்க்க முடிந்தது. குழந்தைகளின் உறக்கத்தில் முன்னேற்றமும் தெரிந்தது. ஆனால் அது பெரிய முன்னேற்றமன்று, மிதமானது. இந்த ‘மிதமான’ என்ற சொல்லை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. கைப்பேசியை எடுத்த மறுநாளே குழந்தை எட்டு மணிக்குக் கண்ணயர்ந்துவிடும் என்று எதிர்பார்த்தால் மூன்றாம் நாளே மனம் தளர்ந்துவிடுவோம்.

இனி, நிறுத்தும் விதம். “இன்னும் இரண்டே நிமிடம்” என்று எச்சரித்துவிட்டு நிறுத்துவது நல்லதென்று நாங்களே பலருக்குக் கூறியிருக்கிறோம். ஆனால் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டில், சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களை நாட்குறிப்பு எழுதச் செய்து ஆராய்ந்தபோது, இரண்டு நிமிட எச்சரிக்கை அளித்த வேளைகளில் குழந்தைகள் அதிகமாகவே முரண்டு பிடித்தது தெரியவந்தது. நிகழ்ச்சி தானாக முடிந்தபோதும், ‘இந்த நேரத்தில் இது முடியும்’ என்பது அன்றாட வழக்கமாக இருந்தபோதும் குழந்தைகள் எளிதில் விலகினர். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டு வயதுக் குழந்தைக்கு நிமிடக் கணக்கு தெரியாது; ‘பாட்டு முடிந்தது’ என்பது தெரியும். பாதிப் பாட்டில் பிடுங்கப்பட்டால் பெரியவருக்கே சினம் வருமல்லவா?

ஆகவே சில எளிய ஏற்பாடுகளைச் செய்துகொள்ளலாம். அடுத்த காணொளி தானாக ஓடும் வசதியைக் கைப்பேசியின் அமைப்பில் அணைத்துவிடுங்கள். எல்லையின்றி நீளும் குறுங்காணொளிகளை அறவே தவிர்த்து, முடிவுள்ள ஒரு கதையையோ பாட்டையோ நீங்களே தேர்ந்து வையுங்கள். அது முடிந்ததும் குழந்தையின் கையாலேயே கைப்பேசியை அணைக்கச் செய்யுங்கள். அலமாரியின் மேல்தட்டில் ஒரு கைக்குட்டையை விரித்து, “போன் தூங்கப் போகுது, டாட்டா சொல்லு” என்று கூறி அதைப் படுக்க வையுங்கள். குழந்தைகளுக்கு இத்தகைய சடங்குகள் மிகவும் பிடிக்கும். பொருளைப் பறிகொடுத்தவர்களாக அல்லாமல், அதைத் தாங்களே உறங்க வைத்தவர்களாக உணர்வார்கள். இது இரவு உணவுக்கு முன்பே நடந்துவிட வேண்டும். உணவுக்குப் பின் திரையில்லை என்பது வீட்டின் வழக்கமாகட்டும்.

உணவு ஊட்டும்போது மட்டுமாவது காட்டலாமா என்று பலர் கேட்கின்றனர். வேண்டாம் என்பதே எங்கள் விடை. திரையைப் பார்த்தபடி உண்ணும் குழந்தைக்குப் பசி அடங்கியது தெரிவதில்லை, சுவையும் பதிவதில்லை. அதோடு, உணவு வேளையில் தொடங்கிய காணொளி உணவோடு நிற்பதுமில்லை. மொட்டை மாடியிலோ வாசற்படியிலோ நின்று நிலவைக் காட்டி ஊட்டிய வழக்கம் நம்முடையதுதான். வாசலும் மாடியும் இல்லாத அடுக்ககத்தில் ஜன்னலோரம் போதும்.

இப்போது அந்த அரை மணி நேரத்துக்கு வருவோம். திரை விட்டுச்சென்ற இடத்தில், ஒவ்வோர் இரவும் மாறாத ஒரு வரிசையை வையுங்கள். வெதுவெதுப்பான நீரில் குளியல், அல்லது கை, கால், முகம் கழுவுதல். பல் துலக்குதல். இரவு உடை மாற்றுதல். உள்ளங்காலிலும் முதுகிலும் மெல்லத் தடவிக்கொடுத்தல். பெரிய விளக்குகளை அணைத்து மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்றை மட்டும் வைத்தல். ஒரே ஒரு கதை, ஒரே ஒரு பாட்டு. பிறகு படுக்கை அல்லது தூளி. 2009ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், கைக்குழந்தைகளும் தளர்நடைக் குழந்தைகளும் கொண்ட 405 தாய்மார்கள் பங்கேற்றனர். குளியல், உடல் தடவுதல், அமைதியான செயல் என்னும் வரிசையைத் தொடர்ந்து இரண்டு வாரம் கடைப்பிடித்த வீடுகளில் குழந்தைகள் விரைவில் உறங்கினர். இரவில் விழிப்பதும் குறைந்தது. தாய்மார்களின் மனநிலையும் மேம்பட்டது. இந்தக் கடைசிச் செய்தி எங்களுக்கு மிகவும் முக்கியமானதாகப் படுகிறது. உறங்காத குழந்தைக்குப் பின்னால் எப்போதும் உறங்காத ஒரு தாய் இருக்கிறார்.

வரிசையில் என்ன இருக்கிறது என்பதைவிட, அது மாறாமல் இருப்பதே முக்கியம். குழந்தைக்கு நேரம் தெரியாது. ‘எதற்குப் பின் எது’ என்பது நன்றாகத் தெரியும். பத்து நாள் பழகிவிட்டால், துண்டை எடுத்ததுமே கொட்டாவி விடத் தொடங்கும் குழந்தைகள் உண்டு. கதை சொல்லத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். அன்று காலையில் அவன் காக்கைக்குச் சோறு வைத்ததும், தெருமுனையில் நாய்க்குட்டியைப் பார்த்ததும், அப்பாவின் வண்டியில் ஏறியதுமே போதுமான கதைகள். அதையே நாள்தோறும் சொன்னாலும் குழந்தை சலிப்பதில்லை. தெரிவு செய்யும் உரிமையையும் சிறிது கொடுங்கள்: “சிவப்புச் சட்டையா, மஞ்சள் சட்டையா?”, “காக்கா கதையா, யானைக் கதையா?” என்று கேளுங்கள். “தூங்கலாமா?” என்று மட்டும் கேட்க வேண்டாம். ‘வேண்டாம்’ என்ற விடையை ஏற்க இயலாத கேள்வியைக் குழந்தையிடம் கேட்காமலிருப்பதே நல்லது.

நள்ளிரவில் உறங்கிப் பழகிய குழந்தையை ஒரே நாளில் ஒன்பது மணிக்கு உறங்க வைக்க முடியாது. காலையில் எழுப்பும் நேரத்தை முதலில் உறுதிப்படுத்துங்கள். விடுமுறை நாளிலும் அது மாற வேண்டாம். பகல் தூக்கம் மாலை நான்கு மணிக்குள் முடியட்டும். பிறகு இரவு படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பதினைந்து நிமிடங்கள் முன்னே கொண்டுவாருங்கள். மாலையில் அரை மணி நேரமாவது ஓடி விளையாடவிடுங்கள்.

முதல் மூன்று நான்கு இரவுகள் கடினமானவை. அழுகை முன்னைவிட அதிகரிக்கவும் கூடும். பழைய வழி பலிக்கவில்லை என்றால் அதையே இன்னும் உரக்க முயல்வது குழந்தையின் இயல்பு; உங்கள் முறை தோற்றுவிட்டதென்று அதற்குப் பொருளில்லை. அருகிலேயே இருங்கள். தூக்கிக்கொள்ளலாம், தட்டிக்கொடுக்கலாம். “உனக்குப் போன் வேணும், கோபமா இருக்கு, அம்மாவுக்குத் தெரியுது” என்று அவன் உணர்வைச் சொல்லால் கூறலாம். அடிக்கவோ அச்சுறுத்தவோ வேண்டாம். அதேவேளை, நாற்பது நிமிட அழுகைக்குப் பின் கைப்பேசியை எடுத்துக் கொடுத்துவிட்டால், நாற்பது நிமிடம் அழுதால் கிடைக்கும் என்ற பாடத்தையே அவன் கற்பான். காய்ச்சல் நாள், பயண நாள், திருமண வீடு ஆகியவற்றில் வழக்கம் தவறலாம். மறுநாள் மீண்டும் தொடங்கினால் போதும்.

ஆனால் இவையெல்லாம் ஒரே ஒருவருடைய வேலையாக இருந்தால் நிலைக்காது. இங்கேதான் நாங்கள் வீட்டின் மற்றவர்களோடு சற்று வெளிப்படையாகப் பேச விரும்புகிறோம். இரவு எட்டு மணிக்குக் கூடத்தில் தொலைக்காட்சித் தொடர் உரத்து ஒலிக்க, கட்டிலின் ஓரத்தில் தந்தை கைப்பேசியில் கிரிக்கெட் பார்க்க, நடுவில் குழந்தை மட்டும் கண்ணை மூட வேண்டும் என்றால் அது எவ்வாறு நிகழும்? ஒரே அறையுள்ள வீடுகளில் இது இன்னும் கடினம் என்பதை அறிவோம். தொடரை நிறுத்தச் சொல்லவில்லை. ஒலியைக் குறைக்கலாம், அல்லது குழந்தை உறங்கிய பின் மறு ஒளிபரப்பைப் பார்க்கலாம். அந்த அரை மணி நேரம் பெரியவர்களின் கைப்பேசிகளும் அதே அலமாரித் தட்டில் உறங்கட்டும். தாய் சமைக்கும் இருபது நிமிடங்கள் தந்தையோ தாத்தாவோ குழந்தையை வெளியே அழைத்துச் சென்று வந்தால், பல வீடுகளில் மாலையில் கைப்பேசியே தேவைப்படாது. “நீ பழக்கிவிட்டது” என்று கூறுமுன், அந்த வேளையில் நாம் எங்கே இருந்தோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் தந்தையர் உள்ள வீடுகளில் இன்னொரு இக்கட்டு உண்டு. துபாயில் வேலை முடிந்து அவர் அறைக்குத் திரும்பும் இரவு ஏழரை மணி, இங்கே ஒன்பது மணி. குழந்தை அப்பாவின் முகத்தைக் காணும் ஒரே நேரம் அதுதான். அதைத் தடுக்க எங்களுக்கு மனமில்லை, தடுக்கவும் கூடாது. இயன்ற நாள்களில், அவர் வேலைக்குப் புறப்படுமுன் காலையிலேயே முகம் பார்த்துப் பேசிவிடலாம். இரவில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, மங்கிய வெளிச்சத்தில் அப்பாவின் குரலை மட்டும் கேட்கச் செய்யலாம். அன்றைய கதையை அவரே சொல்லட்டும். தொலைவிலிருக்கும் தந்தைக்கும் குழந்தையை உறங்க வைப்பதில் ஒரு பங்கு கிடைக்கும்.

மருந்தைப் பற்றியும் கூறியாக வேண்டும். வீட்டில் மீதமிருக்கும் சளி மருந்தை ஒரு மூடி கொடுத்தால் குழந்தை நன்றாகத் தூங்குகிறது என்று சிலர் தயக்கத்தோடு எங்களிடம் ஒப்புக்கொள்கின்றனர். அந்தத் தூக்கம் மருந்தின் பக்கவிளைவு. அளவு சற்று மிகுந்தாலும் மூச்சும் இதயத்துடிப்பும் பாதிக்கப்படலாம். சளி மருந்துகளில் பரவலாகக் காணப்படும் குளோர்பெனிரமின், பினைலெப்ரின் கூட்டு மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டோருக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அறிவுறுத்தியது. மருத்துவர் எழுதாத எந்த மருந்தையும் உறக்கத்துக்காகக் கொடுக்காதீர்கள். கடையில் கிடைக்கும் மெலட்டோனின் மருந்துக்கும் இது பொருந்தும்.

உறக்கமின்மை எல்லாவற்றுக்கும் திரையே காரணம் என்று நாங்கள் கூறவில்லை. குழந்தை பெரும்பாலான இரவுகளில் குறட்டை விட்டாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, இடையிடையே மூச்சு நின்று திணறினாலோ அடினாய்டு சதை வளர்ந்திருக்கலாம். படுத்த பின் கால்களை ஓயாமல் அசைத்து உதைத்தால் இரும்புச்சத்துக் குறைபாட்டைச் சோதிக்க வேண்டும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு, நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாகக் கூறுகிறது. தோல் அரிப்பு, காதுவலி, இரவு இருமல் ஆகியவையும் உறக்கத்தைக் கெடுக்கும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, கண்ணோடு கண் பாராமை, பேச்சு தாமதித்தல் ஆகியவை உறக்கமின்மையோடு சேர்ந்திருந்தால் காத்திராமல் அழைத்து வாருங்கள். ‘போன் பார்த்ததால்தான்’ என்று எண்ணிக்கொண்டு காலம் கடத்த வேண்டாம்.

எங்கள் பக்கத்துக் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊசி போடும்போதும் நெபுலைசர் வைக்கும்போதும் “போனைக் காட்டுங்கம்மா” என்று சொல்பவர்கள் நாங்கள்தாம். வலியிலிருந்து கவனத்தைத் திருப்ப அது உதவுகிறது; ஐந்து நிமிட வலிக்கு அது தவறும் அன்று. ஆனால் ஊசி முடிந்த பின்னும் அந்தக் கைப்பேசி குழந்தையின் கையிலேயே தங்கி, நான்கு நாள் கழித்து அதே பழக்கத்தோடு குழந்தை வீடு திரும்புவதை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இரவு பத்து மணிக்கும் வார்டில் எல்லா விளக்குகளும் எரிகின்றன, தொலைக்காட்சியும் ஓடுகிறது. வீட்டில் விளக்கை மங்கலாக்கச் சொல்லும் நாங்கள், எங்கள் கூரையின் கீழ் அதைச் செய்யாமலிருப்பது பொருந்தாது. குழந்தைகள் வார்டில் இரவு எட்டரைக்குப் பின் தொலைக்காட்சியை அணைத்து, கட்டாயத் தேவையற்ற விளக்குகளைக் குறைத்து, அவசரமில்லாத பரிசோதனைகளை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து. செவிலியரும் நிருவாகமும் இதற்குத் துணைநிற்க வேண்டுமென்று இந்தப் பக்கத்தின் வழியாகவே கேட்டுக்கொள்கிறோம். உள்நோயாளிக் குழந்தைகளின் பெற்றோரும் அவ்வேளையில் தங்கள் கைப்பேசி ஒலியை அடக்கி உதவ வேண்டும்.

தொடக்கத்தில் கூறிய சிறுவனுக்கு நாங்கள் சிரப் எழுதவில்லை. மருந்துச் சீட்டின் பின்புறத்தில் அந்த அரை மணி நேர வரிசையை எழுதிக் கொடுத்தோம். அதை இருவரிடமும் படித்துக் காட்டினோம். கதை சொல்லும் வேலையை மாமியாருக்கு ஒதுக்கினோம். மூன்று வாரம் கழித்து அவர்கள் மீண்டும் வந்தனர். எல்லாம் சரியாகிவிட்டதென்று அந்தத் தாய் சொல்லவில்லை. முதல் வாரம் மிகவும் சிரமமாக இருந்ததாம். இரண்டு இரவுகளில் தோற்றுக் கைப்பேசியைக் கொடுத்தும்விட்டாராம். இப்போது பத்து மணிக்குள் தூங்கிவிடுகிறான். சில நாள்களில் அழுகிறான். ஆனால் வாந்தி இல்லை. “தினமும் அந்த நரிக் கதையேதான் வேணுமாம் டாக்டர், எனக்கே அலுத்துப்போச்சு” என்றார் மாமியார். அலுத்தவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. அன்று ‘இவ’ என்று சுட்டப்பட்ட மருமகள், தலைநிமிர்ந்து எங்களிடம் அடுத்த தடுப்பூசி எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டிலும் இந்தத் தொல்லை இருந்தால், ஒரு வாரத்துக்கு ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எழுந்த நேரம், பகலில் தூங்கிய நேரம், திரை அணைந்த நேரம், இரவில் உறங்கிய நேரம், இடையில் விழித்த தடவைகள். அந்தத் தாளோடு வெளிநோயாளர் பிரிவுக்கு வாருங்கள். யாரால் பழகியது என்று நாங்கள் கேட்க மாட்டோம். இன்றிரவு அந்த அரை மணி நேரத்தில் யார் யார் என்ன செய்யலாம் என்பதை மட்டும் உங்களோடு அமர்ந்து பேசுவோம்.